மார்த்தா கையெழுத்துப் போடவில்லை

மார்த்தாவுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் திருநாவுக்கரசு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை மேசைமேல் நகர்த்தினார். ஆங்கிலத்தில் மூன்றே வரிகள். குடும்பக் காரணங்களால், என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. கீழே அவள் பெயரும் அச்சாகியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

1932ஆம் வருடம். கடல் கடந்த தீவு நகரமான ஜார்ஜ்டவுனில், ஹட்டன் லேனில் டாக்டர் சொந்தமாக நடத்திவந்த பன்னிரண்டு கட்டில் பிரசவ விடுதி அது. மார்த்தா அங்கே ஏழு வருடமாக மருத்துவச்சி. முறையாகப் பயிற்சி எடுத்துப் பதிவுச் சான்றிதழ் வாங்கியவள். ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவள் கணவன் பெர்னார்டுக்கு ரப்பர் விலை விழுந்ததில் வேலை போய் ஒரு வருடமாகியிருந்தது. வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"இது என் விருப்பம் இல்லையே, டாக்டரய்யா."

"ஒன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். இந்த வயித்தோட நீ கட்டில் கட்டிலா நடக்கிறது வர்றவங்களுக்குப் பிடிக்கல. நேத்துகூட துணிக்கடை சுலைமான் சொல்லிட்டுப் போறாரு, பாக்க அசிங்கமா இருக்குன்னு."

அசிங்கம் என்ற சொல் மார்த்தாவின் காதில் ஏறியதும் முகம் சுட்டது. பெண்கள் பிள்ளை பெறுவதற்காகவே நடத்துகிற வீட்டில், ஒரு பெண்ணின் வயிறு தெரிவது அசிங்கம். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் முதல் அவளைப் பிரசவ அறைக்குள் விடவில்லை. கொல்லைப்புறத்தில் துணி வேக வைக்கும் வேலைக்குப் போட்டார்கள். தண்ணீர் குடித்துக் கனத்த துணியை அண்டாவிலிருந்து கட்டையால் தூக்கிப் போட வேண்டும், வாளி வாளியாகச் சுமக்க வேண்டும். அங்கே மட்டும் அவள் வயிறு யார் கண்ணையும் உறுத்தவில்லை. தானாகவே போகட்டும் என்றுதான் இது என்பது அவளுக்குப் புரிந்தது. புரியப் புரிய, போகக் கூடாது என்ற வீம்பும் ஏறியது.

"போட்டுக் குடுத்துடு மார்த்தா. பெரிய எடத்தோட நமக்கு எதுக்கு சண்ட?" என்றான் பெர்னார்ட்.

"ஒங்கள நிப்பாட்டினப்போ என்னா எழுதிக் குடுத்தாங்க?"

"ரப்பர் வெல விழுந்திருச்சு, ஆள் கொறைக்கிறோம்னு."

"உண்மையத்தான எழுதினாங்க? எனக்கு மட்டும் ஏன் பொய்யி எழுதுறாங்க? அதுல நானே வேற கையெழுத்து வைக்கணுமா?"

பெர்னார்ட் எழுந்து விளக்குத் திரியைத் தாழ்த்தினான். பேச்சை அவன் அப்படி முடித்ததும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எட்டாம் மாதம். ஒரு காலையில், டாக்டர் நிபோங் திபால் பக்கம் ஏதோ ரப்பர் தோட்டத்துக்கு நோயாளி பார்க்கப் போயிருந்தார். புதிதாகச் சேர்ந்த மருத்துவச்சி ஐரீன் கொல்லைப்புறத்துக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, தல வந்திருச்சு. தோளு மாட்டிக்கிச்சு. மூஞ்சி நீலமாவுதுக்கா."

மார்த்தா கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் கிடந்தவள் ரோஹானா, அதே துணிக்கடை சுலைமானின் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய மூத்த பிள்ளையை எடுத்ததும் மார்த்தாதான். வயிறு இடித்ததால் மார்த்தாவால் குனிய முடியவில்லை. கட்டிலின் மேலேயே ஏறி மண்டியிட்டாள். ஐரீனும் அவளுமாக ரோஹானாவைப் புரட்டி, கையும் முழங்காலும் ஊன்றி நிற்க வைத்தார்கள். மார்த்தா கையை உள்ளே விட்டுக் குழந்தையின் முழங்கையைத் தேடிப் பிடித்து, கரத்தைப் பதமாக வெளியே எடுத்தாள். தோள் வழுக்கி வந்தது. ஆண் குழந்தை. முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிடத்துக்குப் பிறகு அது அழுதது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் வெளி வராந்தாவுக்கு வந்தாள். சுலைமான் எழுந்து நின்றார்.

"ஆம்பளப் புள்ள. தாயும் நல்லாருக்கு. பாய், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் இந்த வயித்தோட வேல பாக்கிறது அசிங்கமா இருக்குன்னு டாக்டருகிட்ட சொன்னீங்களா?"

சுலைமான் விழித்தார். "நானா? என்னா மிஸ்ஸி பேசுறீங்க? எம் பொஞ்சாதி நீங்கதான் வேணும்னு கேட்டுச்சு. நீங்க வேலய விட்டு நின்னுட்டதா டாக்டர்தான்லா சொன்னாரு."

மார்த்தா கொல்லைக்குத் திரும்பவில்லை. டாக்டரின் அறையிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். பிற்பகலில் அவர் வந்தார். ஐரீன் வாசலிலேயே நடந்ததைச் சொல்லியிருந்தாள்.

"நல்ல காரியம் பண்ணுன" என்றார். பிறகு, "ஆனா அந்தக் கடுதாசிய இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்துடணும்மா."

"சுலைமான் பாய் அப்படிச் சொல்லவே இல்லையாம்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னது அது."

மார்த்தா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அவருடைய பேனாவாலேயே மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, கீழே தமிழில் எழுதினாள்: மார்த்தா கர்ப்பமாக இருப்பதால் நான் அவளை வேலையை விட்டு நீக்குகிறேன்.

"இதுதான் நடந்தது. இதுல நீங்க கையெழுத்துப் போடுங்க."

"மரியாதையா வெளிய போ."

"போறேன். நானா போவல, நீங்க அனுப்பிப் போறேன். யாரு கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன்."

அவர் நற்சான்றுக் கடிதம் தரவில்லை. ஒழுங்கீனத்துக்காக அனுப்பியதாக ஊரில் சொன்னார். அடுத்த மாதம் ஐரீன் தன் விடுமுறை நாளில் வந்து பிரசவம் பார்க்க, மார்த்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அமலம்மாள் என்று பெயரிட்டார்கள். பச்சை உடம்பு தேறியதும், பதிவு பெற்ற மருத்துவச்சி என்று மார்த்தா தன் வீட்டு வாசலில் பலகை மாட்டினாள். முதலில் சுலைமானின் தங்கை ஆள் அனுப்பினாள். பிறகு சூலியா தெருப் பக்கமிருந்தும், டத்தோ கிராமட்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். டாக்டர் பரப்பிய பேச்சு பலருக்கும் எட்டியிருந்தது. வந்தவர்கள் அதைக் கேட்டால், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் குரல் உயர்ந்தது. வருடங்கள் போயும் அது தணியவில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றிலிருந்தபோது பெர்னார்டுக்கு மறுபடி கிராணி வேலை கிடைத்தது.

"இனிமே நீ வீட்ல இருக்கலாம்லா" என்றான் மகிழ்ச்சியாக.

மார்த்தா அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் ஆயர் ஈத்தாமிலிருந்து பிரசவம் பார்க்கக் கூப்பிட ஆள் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். பெர்னார்ட் அமலம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு உலையில் அரிசி போடப் போனான்.