ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால்

"அந்தப் பொண்ணு கிளாஸ்ல பாஸ் பண்ணாத்தான் புள்ளைங்கள தண்ணியில எறக்குவாங்களாம்." ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம் சொன்னது இது. அந்தப் பொண்ணு நான்தான். செஞ்சியில் ஒரு சின்ன சபையில், ஞானஸ்நானம் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞாயிறு மதியம் வகுப்பு எடுக்கிறேன். சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பதில் எந்த வேலைக்கும் குறைந்ததில்லை.

உங்களில் யாராவது சண்டே ஸ்கூல் எடுத்திருந்தால் இதற்குள் தலையாட்டியிருப்பீர்கள். எங்கள் சபையில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது கிடையாது. பிள்ளை வளர்ந்து, தானாக நம்பி, தான் எப்படி மனம் மாறி நம்பிக்கைக்கு வந்தது என்கிற சாட்சியைச் சபை முன்னால் சொல்லித்தான் தண்ணீரில் முழுக வேண்டும். 'இந்தப் பிள்ளை தயார்' என்று பாஸ்டரிடம் சொல்வது என் பொறுப்பு. நான் கல்லூரியில் கணக்குப் படித்தவள். கணக்கில் விடை தப்பினால் எந்த வரியில் தப்பியது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். "நான் இயேசுவை நம்புறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் எங்கே விரல் வைப்பது?

எல்லாக் கையும் மேலே

முதல் வகுப்பில் குரலைத் திரட்டிக்கொண்டு கேட்டேன்: "இயேசுவை மனசார நம்புறவங்க யாரு?" எல்லாக் கையும் மேலே போனது. நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே போன கைகளும் உண்டு. ஒருவன் பாதுகாப்புக்காக இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ ஒரு கையையும் நம்ப முடியவில்லை. சரி, இப்படிக் கேட்போம் என்று, "இன்னும் சரியாப் புரியல, சந்தேகமா இருக்குது, அப்படி யாராவது?" என்றேன். அதற்கும் எல்லாக் கையும் மேலே. ஆறாவது படிக்கும் எஸ்தர் தூக்கிய கையை இறக்காமல் கவலையோடு கேட்டாள்: "அக்கா, எதுக்குத் தூக்குனா பிஸ்கட்?"

சாமுவேல் செய்த பாவம்

அடுத்தது சாட்சி சொல்லிப் பழகும் வகுப்பு. ஏழாவது படிக்கும் சாமுவேல் எழுந்து கையைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டான். "நான் குடியிலயும் சிகரெட்டுலயும் சீரழிஞ்சு, சொந்தபந்தமெல்லாம் கைவிட்டு, சேத்துல கெடந்தப்ப கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்தாரு." கடைசியில் குரல்கூடத் தழுதழுத்தது. அது அவனுடைய மாமாவின் சாட்சி. ஒவ்வொரு புதுவருஷ ஆராதனையிலும் அவர் சொல்லிச் சொல்லி, சபைக்கே மனப்பாடம்.

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சாட்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அடுத்து எழுந்த எஸ்தரையும் சொந்தபந்தமெல்லாம் கைவிட்டிருந்தது. அவளைக் கூட்டிப்போக அவள் அம்மா குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சாமுவேலைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாவோட பாவம் வேணாம்பா, உன்னோடது ஒண்ணு சொல்லு" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தங்கச்சிக்கு வைத்திருந்த முட்டையைத் தின்றுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூனை மேல் பழியைப் போட்டிருக்கிறான். பூனைக்கு விளக்குமாற்றால் அடி விழுந்திருக்கிறது. சொல்லும்போது அவன் காது சிவந்துவிட்டது. "இதையே சபையில சொல்லு" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இது ரொம்பச் சின்னதா இருக்குதேக்கா. இதுக்குப் போயா கர்த்தர் செத்தாருன்னு கேக்க மாட்டாங்க?"

பாய் சுருட்டும்போது

கெசியாவைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே இருந்ததில்லை. ஒன்பதாவது படிக்கிறாள். வசனப் போட்டியில் எப்போதும் முதல் பரிசு. அவள் அப்பா தேவதாஸ் அண்ணன் எங்கள் சபையின் செயலாளர். திண்டிவனம் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். மறுமுனையைப் பிடித்திருந்த கெசியா, குனிந்தபடியே, "அக்கா, எனக்கு உள்ள ஒண்ணுமே இல்ல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்ணும்போது நானும் மூடுறேன். இருட்டாத்தான் இருக்குது. அவர் இருக்காரான்னே தெரியல. வசனம் மட்டும் வாயில வருது. ஞானஸ்நானத்துல பாஸ்டர் கேக்கும்போது நம்புறேன்னு சொன்னா அது பொய்தானே?" ஒரு நல்ல ஆசிரியை இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பாள். நான் சொன்னதெல்லாம், "இதை அப்படியே இயேசுகிட்டயே சொல்லும்மா, அப்புறம் வீட்லயும் சொல்லு" என்பதுதான். பாயை மூலையில் சாய்த்துவிட்டு வந்து அவள் சொன்னாள்: "அவர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்க்கா. அதுக்கப்புறம்தான் பொய் சொல்லவே பயமா இருக்குது."

அன்று முழுவதும் எனக்கு ஒரே கேள்வி. வகுப்பிலேயே நம்பிக்கை இல்லாத பிள்ளை இவளா, இல்லை, நம்பிக்கை உள்ள ஒரே பிள்ளை இவள்தானா? பாஸ்டரிடம் போய், "கெசியாவுக்கு இன்னும் கொஞ்சம் காலம் வேணும்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். "செயலாளர் பொண்ணாம்மா? தண்ணியில நிக்கும்போது அவளையே கேட்டுக்கலாம்" என்றார்.

அணைக்காத வண்டி

கெசியா வீட்டிலும் சொல்லிவிட்டாள் போல. இரண்டு நாள் கழித்துத் தேவதாஸ் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவும் இல்லை, இன்ஜினை அணைக்கவும் இல்லை. "சிஸ்டர், எம் பொண்ணு மனசுல இதை யாரு போட்டது?"

அவருடைய அக்கா குடும்பம் அவலூர்பேட்டையிலிருந்து வேன் பேசியாயிற்று. வெள்ளை உடுப்பு தைத்தாயிற்று. செயலாளர் பெண்ணே இறங்காவிட்டால் நாளைக்கு யார் பிள்ளையைத் தண்ணீருக்கு வா என்று கூப்பிடுவது? எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினார். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் அது பயம்; என் முகத்தைப் பார்க்காமல் பெட்ரோல் டேங்கையே விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவ கர்த்தர் முன்னாடி பொய் சொல்லப் பயப்படுறா. அந்தப் பயத்தைக் கெடுத்துடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்காத குரல். வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா, தெரியவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "விசுவாசம் பின்னால வரட்டும் சிஸ்டர். அவலூர்பேட்டை ஜனம் காலையிலயே வந்துடும்."

தண்ணீரில்

வல்லம் பக்கத்தில் சபைக்காரர் ஒருவரின் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலை வயலுக்கு நடுவே, பம்புசெட் தொட்டி இருக்கிறது. எங்கள் ஞானஸ்நானமெல்லாம் அங்கேதான். கரண்ட் இருந்தது, தண்ணீர் நிறைந்திருந்தது, அவலூர்பேட்டை வேனும் வந்துவிட்டது. சாமுவேல் தொட்டி ஓரத்தில் நின்று முட்டையையும் பூனையையும் சொன்னான். இரண்டொருவர் சிரித்தார்கள், அவன் மாமா சிரிக்கவில்லை. பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "சொந்த விருப்பத்தோட வந்திருக்கியாப்பா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்று அவன் கத்தியது பக்கத்துக் கொல்லைக்கே கேட்டிருக்கும்.

பிறகு கெசியா இறங்கினாள். சாட்சி சொல்லச் சொன்னபோது தலையை மட்டும் அசைத்தாள். கூச்சம் என்று பாஸ்டர் விட்டுவிட்டார். அதே கேள்வியைக் கேட்டார். அவளிடமிருந்து பதில் இல்லை. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு: எங்கே அமைதி விழுந்தாலும் யாராவது ஒருவர் பாட்டெடுத்துவிடுவார்கள். எடுத்தார்கள். கைத்தட்டல் சேர்ந்தது, கஞ்சிரா சேர்ந்தது. கெசியாவின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. பாஸ்டர் அவள் பின்னங்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பாட்ட நிறுத்துங்க! பாப்பா ஏதோ சொல்லுது!"

தேவதாஸ் அண்ணன். பாட்டு பாதியில் நின்றது. கஞ்சிரா மட்டும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டி ஓய்ந்தது. கெசியா பாஸ்டரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். "இன்னும் இல்ல நைனா. பொய் சொல்ல வரல."

தேவதாஸ் அண்ணன் சட்டைப்பையில் இருந்த செல்போனோடு, காலில் செருப்போடு, தொட்டிக்குள் இறங்கினார். மகளின் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். பிறகு நெஞ்சுவரை நனைந்த சட்டையோடு வெளியே வந்து, அவலூர்பேட்டைக்காரர்கள் நின்ற பக்கம் போய், "சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்க" என்று ஒவ்வொருவராகக் கைப்பிடித்துக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.