முப்பத்தொரு பீச் மரங்கள்

எனக்குப் பழைய காணி உறுதிப் பத்திரங்கள் வாசிக்கத் தெரியும். ஒக்லாந்தில் அது ஒன்றுக்கும் உதவாத படிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் பதினொரு வருடம் கிளார்க்காக இருந்தவள் நான். காணி உறுதிகளில் வெள்ளைக்காரன் காலத்துக் கோழிக்கிறுக்கலைக்கூடத் தட்டுத் தடங்கலில்லாமல் வாசிப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் சான்ட்ரிங்ஹாமில் ஒரு வயோதிபர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

விரிப்பின் மறு நுனியைப் பிடிப்பவள் ஓர் அமெரிக்கக்காரி. நியூசிலாந்துக்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவள். ஏறக்குறைய என் வயதுதான். வாய் ஓயாது. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே கதை. ஜோர்ஜியாவின் மலைப்பக்கத்தில், செரோக்கி என்ற பழங்குடி மக்களின் நாட்டு எல்லையில், முதன்முதலாகக் குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையதாம். அந்த முதல் ஆள் ஒரு செரோக்கிப் பெண்ணைக் கட்டினாராம். வீட்டைச் சுற்றிப் பீச் மரம் நட்டவள் அவள்தானாம். அந்தப் பழத்தை வினாகிரியில் ஊறப்போட்டு ஐந்து தலைமுறை சாப்பிட்டிருக்கிறார்கள். அவளுடைய அப்பா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்கு அதற்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும்.

“அந்த அம்மாவின் பெயர் கிடைத்தால் போதும். நான் எங்கிருந்து வந்தேன் என்று தெரிந்துவிடும்” என்பாள்.

எனக்கு எரிச்சல் வரும். நான் எங்கிருந்து வந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். திரும்பிப் போகத்தான் முடியாது.

அந்தக் காலத்தில்தான் சண்டையில் ஊர்ச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து, பாதிப்பேர் திரும்பி வந்திருந்தார்கள். தங்கச்சியிடமிருந்து கடிதம் வந்தது. “அக்கா, உன்ரை வீட்டிலை இப்ப வேறை ஆக்கள் இருக்கினம். அவையின்ரை ஊருக்குப் போக ஆமி விடேல்லையாம். உன்ரை மாமரத்திலை ஏணை கட்டிப் பிள்ளையை வளத்தியிருக்கினம். எழும்பிப் போகச் சொல்லட்டோ?”

அது எனக்குச் சீதனமாக எழுதிய வீடு. மாமரம் கலியாணம் கட்டிய வருடம் நானே வைத்தது. உறுதியைப் பாஸ்போட்டோடு சேர்த்து இங்கே கொண்டுவந்திருந்தேன். கடிதத்தைக் கணவரிடம் காட்டினேன்.

“ஆரும் இருந்தால் வீடு பாழாகாமல் கிடக்கும். விடும்” என்றார்.

“உங்கடை சீதனமெண்டால் உங்களுக்கு நோகும்” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. எழும்பச் சொல்லும்படி தங்கச்சிக்கு எழுதினேன். ஏனோ முத்திரை ஒட்டக் கை வரவில்லை. கடிதம் கைப்பையில் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை அமெரிக்கக்காரி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் வம்ச வரலாறு தேடுகிறவர்களுக்காக ஒரு நூலகம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து பழைய பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் வரவழைத்துத் தருவார்கள். அவளுக்கு அந்தக் காலத்துக் கையெழுத்துப் பிடிபடவில்லை. எனக்குப் பார்த்த மாத்திரத்தில் வந்தது. வரிப்பட்டியலில் அவளுடைய முதல் ஆள் இருந்தார், ஓர் ஓடையின் வளைவில் காணியோடு. ஆனால் அந்தக் காணியை அவர் வாங்கியதற்கு உறுதி ஒன்றும் கிடைக்கவில்லை.

“மனைவியின் பக்கம் தேடினாயா?” என்று கேட்டேன். “எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். வாங்கிய உறுதி இல்லையென்றால் சீதனமாகத்தான் வந்திருக்கும்.”

அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். செரோக்கி மக்களிடமும் வீடு பெண்களுடையதுதான் என்று எங்கேயோ வாசித்திருந்தாளாம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அன்றைக்கே அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். நானும் நிச்சயமாக நம்பினேன். நொத்தாரிசு ஐயாவே வந்து இல்லை என்றாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்த சுருள்கள் வர ஆறு கிழமை எடுத்தது. முதலாவதில் காணி எப்படி வந்தது என்று தெளிவாக இருந்தது. செரோக்கி மக்கள் குடியிருந்த நிலத்தை அரசு துண்டு துண்டாக அளந்து, சீட்டுக் குலுக்கி வெள்ளைக்காரருக்குக் கொடுத்திருந்தது. அவளுடைய ஆளுக்குச் சீட்டு விழுந்திருந்தது. சீதனமுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை. இரண்டாவது சுருள், அந்த மக்களைத் துரத்துவதற்கு முன், அவர்கள் விட்டுப்போகவேண்டிய பொருள்களை அதிகாரிகள் எழுதிய பட்டியல். அதே ஓடை, அதே வளைவு. ஒரு செரோக்கிப் பெண்ணின் பெயர் தனியாக இருந்தது. கீழே, மரவீடு ஒன்று, சோளம் வைக்கும் கொட்டில் ஒன்று, பீச் மரம் முப்பத்தொன்று.

அவள் பென்சிலோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இன்னாரின் மனைவி’ என்று ஒரு சொல் சேர்த்து வாசித்திருந்தால் சந்தோசமாக வீட்டுக்குப் போயிருப்பாள். அந்தக் கிறுக்கல் அவளுக்கு விளங்கப்போவதில்லை. ஆனால் உறுதியில் இல்லாத சொல்லை நான் பதினொரு வருடத்தில் ஒருநாளும் வாசித்ததில்லை. இருந்ததை இருந்தபடி வாசித்தேன். “உங்கள் ஆள் இவளைக் கட்டவில்லை. இவளை வெளியேற்றிவிட்டு, இவளுடைய வளவில் வந்து இருந்திருக்கிறார்” என்றேன். சீதனம் என்று சொன்னது என் பிழை என்றும் சொன்னேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “ஆனால் மரம் நட்டவள் அவள்தானே? அப்பா சொன்னதில் அது பொய்யில்லையே?” என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “பழத்தையும் தின்று, அவளைச் சொந்தக்காரியாகவும் ஆக்கிவிட்டீர்களே!” என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழுதாள். பிறகு காரில் கூட்டிவந்து, ஒனிஹங்காவில் என் வாடகை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். வாசலில் ஓர் எலுமிச்சை நின்றது. நாலு வருடமாக அதில் பிடுங்கித்தான் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நட்டது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அதைத் தாண்டி உள்ளே போக எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் தன் வம்ச மரத்தை வரைந்த பெரிய தாளைக் கொண்டுவந்து, மடித்த விரிப்புகளின் மேல் விரித்தாள். ஒரு மூலையில் புதிதாக ஒரு பெட்டி. அதற்குள் அந்தச் செரோக்கிப் பெண்ணின் பெயர், கீழே முப்பத்தொரு பீச் மரங்கள். எந்தக் கோடும் அந்தப் பெட்டியை மற்றவர்களோடு சேர்க்கவில்லை.

“இவள் உனக்கு என்ன முறை?”

“ஒரு முறையும் இல்லை. ஆனால் என் பிள்ளைகளுக்கு இவளைத் தெரியவேண்டும்.”

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பையிலிருந்த கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். தங்கச்சிக்கு வேறு எழுதினேன். “எழும்பச் சொல்லாதை. அவை சீட்டு விழுந்து வந்த ஆக்களில்லை, ஓடிவந்த சனம். ஒண்டு மட்டும் கேள். ஏணையிலை கிடக்கிற பிள்ளை வளந்து மாம்பழம் தின்னேக்கை, மரத்தை வைச்சது ஆர் எண்டு என்ரை பேரைச் சொல்லச் சொல்லு.” அன்றைக்கே முத்திரை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.

பதில் வர மூன்று மாதம் எடுத்தது. “சொன்னனான் அக்கா. அந்தப் பிள்ளை இப்ப தவழுது. தாய் உன்ரை பேரைக் கேட்டு எழுதி வைச்சிருக்கிறா. அவ எப்ப வருவா எண்டு கேட்டவ. வந்தால் நாங்கள் எழும்பித் தாறம் எண்டு சொல்லச் சொன்னவ.”

எப்ப வருவேன் என்று எழுதப் பலமுறை தாள் எடுத்து வைத்தேன். தங்கச்சியின் சுகத்தைக் கேட்பேன், இங்கத்தைய குளிரைப்பற்றி எழுதுவேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை.