நைலோன் சாறி

கேஸ் கிடைக்காமல் போனதும், வெள்ளவத்தை பிளாட்டில் மகள் மண்ணெண்ணெய்க் குக்கரைத் தரையில் வைத்துப் பற்ற வைத்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதுமே நான் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் நின்றேன்.

அன்று நத்தார் காலை. தேவாலயத்தில் கிறிஸ்து பிறப்புப் பூசை முடிந்து வந்த அம்மா, பருத்திச் சீலைக்கு மாறப் போனார். உடுத்திருந்தது அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கிய நைலோன் சாறி.

"ஆக்கள் வரப்போகினம். இப்ப கழட்டாதையும்" என்றார் அப்பா. எங்கள் தெருவில் யாரிடமும் இல்லாத சாறி அல்லவா, நாலு பேர் பார்க்க வேண்டும்.

அம்மா அப்படியே குந்தித் தரையிலிருந்த மண்ணெண்ணெய்க் குக்கரில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். முந்தானை சரிந்து நெருப்பில் விழுந்தது. அப்பா சாக்கால் அமத்தி அணைப்பதற்குள் நைலோன் உருகிக் கையோடு ஒட்டிவிட்டது. பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் ஒருவரும் ஊற்றவில்லை. அடுத்த வீட்டு மாமி ஓடிவந்து, கொப்புளிக்காது என்று பற்பசையை அப்பினார். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுத்தபோது அம்மா போட்ட சத்தம் வெளி விறாந்தை வரை கேட்டது.

பிறகு அந்த முழங்கை நிமிரவேயில்லை. அதே கையால் அம்மா தேநீர் நீட்டும் ஒவ்வொரு நத்தாருக்கும், "கவனமில்லாம எரிச்சுப்போட்டா" என்று அப்பா வந்தவர்களுக்குச் சொல்வார். அம்மா மறுத்ததேயில்லை.

இப்போது குக்கர் முன் குந்தியிருந்த மகளின் நைட்டியும் நைலோன்போலப் பளபளத்தது.

"அவ உடுப்பை மாத்தட்டும். நீங்கள் குக்கரைத் தூக்கி மேசையில வையுங்கோ, தம்பி" என்றேன் மருமகனிடம்.

"அவ கவனமாத்தான் இருப்பா, மாமி."

"எங்கட அம்மாவும் கவனமாத்தான் இருந்தவ. மாத்தத்தான் போனவ."