உச்சி வெயிலில் மிளகாய்க் களம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்கு, குச்சியைச் சட்டத்தில் வரிசையாகச் சொருகும் கட்டை அடுக்கும் வேலைக்குப் போனவள் நான். இப்போது மறதியும் வந்துவிட்டது. நம் காமிரா சங்கத்து ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று ஸ்டுடியோ அண்ணாச்சி கேட்டதால் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் அண்ணாச்சியின் ஸ்டுடியோ மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். பங்குனிக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. கொண்டுவந்த படங்களைப் பேர் எழுதாமல் மேசையில் பரப்பி வைப்போம். ஆளுக்கு மூன்று தீக்குச்சி. பிடித்த படத்தின் கீழே வைக்க வேண்டும், சொந்தப் படத்துக்கு வைக்கக் கூடாது. அதிகக் குச்சி விழுந்த படம் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வருஷம் அந்தச் சுவரில் தொங்கும். மகள் வாங்கித் தந்த சின்னக் காமிராவை வைத்துக்கொண்டு நானும் ஆறு வருஷமாகப் படம் வைக்கிறேன். ஒரு தடவைகூடச் சுவரில் ஏறியதில்லை. அதற்காக நான் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை, இந்த வருஷம் வரை.

தை மாதம் ஒரு அம்மா புதிதாகச் சேர்ந்தார். பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். முழங்கை நீளத்துக்கு லென்ஸ். வந்த அன்றே எல்லோருடனும் சத்தமாகச் சிரித்துப் பேசினார். எனக்கோ அண்ணாச்சியைத் தவிர வேறு யாரிடமும் இன்னும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. மாசியில் அவர் கழுகுமலைப் பாறையில் எடுத்த படத்தை அண்ணாச்சி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல்லா படம்!" என்றார். அப்படியானால் ஆறு வருஷமாக நான் கொடுத்ததெல்லாம் என்னவாம்? அன்று வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அதன்பிறகு அவருடைய தோள்பையைப் பார்த்தாலும் எரிந்தது, செருப்பைப் பார்த்தாலும் எரிந்தது.

குளத்தூர்ப் பக்கம் என் சித்தி மகன் மிளகாய் போட்டிருக்கிறான். பங்குனியில் பழத்தைப் பறித்துக் களத்தில் காயப்போடுவார்கள். காடெல்லாம் கரிசல் வெடித்துக் கிடக்க, களம் மட்டும் சிவந்து கிடக்கும். இந்தத் தடவை அதைத்தான் எடுக்கப்போகிறேன் என்று அண்ணாச்சியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"யக்கா, நானும் போயி எடுத்துக்கிடட்டுமா?"

மாட்டேன் என்று சொல்ல எனக்கு எங்கே வாய் வருகிறது? தலையை ஆட்டினேன்.

முந்தின நாளே போய் அந்தத் தம்பி வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாய்வெளிச்சத்தில் எடுத்தேன். வெயில் ஏறினால் படம் வெளுத்துத் தட்டையாகிவிடும் என்று எங்கள் சங்கத்தில் அதன்பிறகு யாரும் காமிராவை வெளியே எடுப்பதில்லை. அன்று சாயங்காலம் அந்தம்மா போன் போட்டார்.

"நாளைக்குப் போறேன்க்கா. எத்தன மணிக்குப் போனா வெளிச்சம் நல்லா இருக்கும்?"

"பன்னெண்டுக்குப் போங்க. அப்பத்தான் ஆளுவ நிப்பாவ."

"உச்சி வெயில்லாக்கா அது?"

"அது ஒண்ணுஞ் செய்யாது. படம் நல்லா விழும்."

வாய் கூசாமல் சொன்னேன். அன்றைக்கு ரெண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் தம்பி போனில் பேசினான். "யக்கா, இவியள நீதான் அனுப்புனியா? வெயிலு மண்டையப் பொளக்குது, டிராக்டர் மேல ஏறி நின்னுல்லா படம் எடுக்காவ. களத்துல பொம்பளயாளுவளுக்கு ஒரே சிரிப்பு."

"எடுத்துட்டுப் போட்டும் விடு" என்றேன். எனக்கும் சிரிப்புதான்.

கூட்டத்தன்று மேசையைப் பார்த்தேன். மேலேயிருந்து எடுத்த படம் ஒன்று. நாலு மூலையும் மிளகாய். நடுவில் ஒரு பெண் குனிந்து புரட்டுகிறாள். அவள் நிழல் எங்கும் நீளாமல் காலடியில் சட்டிக் கரி மாதிரி அப்பிக் கிடக்கிறது. யாருடையது என்று கேட்கவே வேண்டாம். பக்கத்தில் என் படம், எல்லாரும் எடுக்கிற காலை வெயில், நீள நிழல். அந்தப் பெண்ணின் காலடியில் குச்சி குவிந்தது. என் படத்துக்கு விழுந்தது ஒன்றே ஒன்று. வைத்த கையையும் பார்த்தேன், அந்தம்மாவின் கை. என்னுடைய மூன்றாவது குச்சியை நான் யாருக்கும் வைக்கவில்லை. கைக்குள்ளேயே வேர்த்து மருந்து கரைந்துவிட்டது.

கைதட்டு முடிந்ததும் அந்தம்மா எழுந்தார். "இது இந்த அக்கா சொல்லித் தந்தது. பன்னெண்டு மணிக்குப் போகச் சொன்னதே இவியதான். இல்லன்னா நானும் விடியக்காலம் போயி நின்னுருப்பேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பித் தட்டினார்கள். அண்ணாச்சி, "வாயே தொறக்க மாட்டிய, இம்புட்டு விவரத்த உள்ள வச்சிருக்கியளே!" என்றார்.

"சும்மா சொன்னேன்" என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

படம் இப்போது சுவரில் இருக்கிறது. நான் அதற்கு முதுகு காட்டி உட்காருகிறேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அந்தப் பன்னிரண்டு மணி என் வாயிலிருந்துதானே வந்தது, என் கண்ணுக்கு ஏன் வரவில்லை என்று இன்னும் அதிகமாகத்தான் எரிகிறது.

நான் களத்துக்குப் போனது வெள்ளியா வியாழனா, போனில் அவர் கேட்டதும் நான் சொன்னதும் இதே வார்த்தைகள்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. அண்ணாச்சி, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இந்தத் தாளை அந்தம்மாவிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தப்பிருந்தால் அவரே திருத்தட்டும்.