தங்கராசு எழுதிய இரண்டு வரிகள்

எறையூர் தங்கராசு அவர்கள் காலமாகிவிட்டார் என்று நேற்றுக் காலை அவருடைய மகள் போனில் சொன்னார். நம் முதியோர் மின்மடல் குழுவில் பெரம்பலூர்க்காரன் நான் ஒருவன்தான் என்பதால், உங்களுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு என்னுடையது. அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போட்டு ஓய்வு பெற்றவர். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அவரைக் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். வாரம் ஒருநாள் பஸ்ஸில் வந்து, ஒற்றை விரலால் தட்டுவார்.

அரியலூர் நண்பர் ஒருவர் தம் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி எழுதி, நடுவே வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றியும் ஒரு வரி சொல்லியிருந்தார். தமிழாசிரியனாக இருந்தவனல்லவா, இரண்டு பக்கத்துக்கு ஆறுதல் எழுதினேன். தங்கராசு அந்த நண்பரின் மடலை இரண்டு முறை படித்துவிட்டு, "இப்ப கன்னுக்குட்டிய யாரு புடிச்சுக் கட்டுறாங்க?" என்று மட்டும் எழுதினார். நண்பர் அவருக்குப் பக்கம் பக்கமாகப் பதில் போட்டார். எனக்கு வந்தது 'நன்றி' என்ற ஒரு சொல்.

"இவ்வளவுதானா எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"அவரு சொன்னதுல எனக்கு வெளங்குனது அதுதாங்க, வாத்தியாரே" என்றார்.

போன வருஷம் என் மனைவி இறந்ததைக் குழுவில் நான் சொல்லவில்லை. எனக்கு மறுபடியும் ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும் என்ற வீம்பு. தங்கராசு வீட்டுக்கு வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். எனக்கோ அவருடைய இரண்டு வரி வேண்டியிருந்தது. கேட்க வாய் வரவில்லை. ஜெயங்கொண்டம் சுப்பையா என்ற பெயரில் புதிய முகவரி ஒன்று தொடங்கி, குழுவிலும் சேர்ந்து, மனைவியை இழந்தவன் என்று அவருக்கு மட்டும் எழுதினேன்.

அடுத்த வாரம் பிரவுசிங் சென்டரில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தே பதில் அனுப்பினார்: "காலையில காப்பி யாரு போடுறா?"

அழுதுவிட்டேன். "கண்ணுல தூசிங்களா?" என்று கேட்டார்.

பிறகு வாரந்தோறும் சுப்பையாவுக்கு எழுதினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இல்லாத அந்த சுப்பையா மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

நேற்று மாலை அந்த முகவரியைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவர் எழுதியது வந்திருந்தது: "சுப்பையா அய்யா, எனக்கு ஒடம்பு முடியல. நம்ம குழுவுல பெரம்பலூர் வாத்தியாருன்னு ஒருத்தரு இருக்காரு. சம்சாரம் போனதுலேர்ந்து தனியா கெடக்காரு, கேட்டா சொல்லமாட்டாரு. நீங்களும் அதே நெலமதானே. அவருக்கு அப்பப்ப ரெண்டு வரி போடுங்க."

கடை மூடும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சென்று வாருங்கள், தங்கராசு. எனக்கு எழுதச் சொல்லி நீங்கள் ஏற்பாடு செய்த ஆள் நான்தான்.