இருநூற்று எண்பத்தெட்டு கிலோமீட்டர்

அடுத்தவர் கண்ணைச் சோதிப்பதுதான் அவர் பிழைப்பு. கண்ணாடிக் கடையின் பின்னறையில், சுவரில் மாட்டிய பலகையின் கடைசி வரியை ஆளுக்கு ஆள் படிக்கவைத்து, "இப்ப தெளிவா இருக்கா, முன்ன தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டே இருபது வருஷம் ஓட்டியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். அப்பேர்ப்பட்டவர் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் போட்டார்.

கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த நிலத்தரகர்தான் பேச்சை எடுத்தது. கம்பெனியிடம் லீஸுக்கு எடுத்த கார், கெடு முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்கிறது, தனக்குப் பெரிய வண்டி வேண்டியிருக்கிறது. யாராவது தன் இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டு மாதத் தவணையைக் கட்டினால் போதும், வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். கண்ணாடிக்காரரிடம் லைசென்ஸ் இருந்தது, கார்தான் இல்லை. கம்பெனி ஆபீசில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். சாவியைக் கொடுத்த கையோடு தரகர் அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். காரை விட்டுக்கொடுக்கிறவன் எதற்கு இத்தனை சந்தோஷப்படுகிறான் என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

மனைவிக்குச் சலவைக் கடையில் வேலை. வருகிற துணியில் கறை எங்கே, கிழிசல் எங்கே என்று வாங்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். வாசலில் நின்ற காரின் முன்சீட்டில் உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் புரட்டினாள்.

"என்னங்க, இந்த வண்டி மொத்தமே அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடலாமாம். அதுக்கு மேல ஓடினா கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு அபராதம் போட்டிருக்கான்."

"அறுபதாயிரம் எக்கச்சக்கமாச்சே."

"மீட்டரைப் பாருங்க."

ஐம்பத்தொன்பதாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு. தரகர் நிலம் காட்டுகிறேன் என்று ஊர் ஊராகச் சுற்றித் தீர்த்துவிட்டார். மிச்சம் இருநூற்று எண்பத்தெட்டு.

போன் போட்டதும் தரகர் துளியும் கலங்கவில்லை. "ஏழாம் பக்கத்துல இருக்கே சார். நீங்க கண்ணு டெஸ்ட் பண்றவரு, படிச்சிருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்." அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கப்படவே இல்லை.

மறுநாளிலிருந்து கண்ணாடிக்காரர் பழையபடி பஸ்ஸில் வேலைக்குப் போனார். கார் வாசலில் நின்றது. சும்மா நிற்கிறதே என்று முதலில் மகள் உள்ளே போனாள். அவள் கிளாரினெட் கற்றுக்கொண்டிருந்தாள். மாடிவீட்டார் பலமுறை சண்டைக்கு வந்தாயிற்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊதினால் வெளியே கொசு முனகுகிற அளவுதான் கேட்டது. அப்புறம் மனைவி, தங்கையோடு போனில் நிம்மதியாகப் பேசப் பின்சீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைக் கண்ணாடிக்காரர் டிரைவர் சீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில், "அம்மா எங்கே?" என்றால் "ஹால்ல", "சமையலறைல" என்பதுபோல, "கார்ல" என்பது சாதாரணப் பதிலாகிவிட்டது. வாடகை ஏறாமல் வீட்டுக்கு ஓர் அறை கூடினாற்போல இருந்தது.

காரை ஓட்டுவதென்றால் வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். மகளுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு எட்டு கிலோமீட்டர் உடனே கிடைத்தது. மனைவியின் பல்வலிக்குப் போக மட்டும் கிடைத்தது. திரும்பி வர வலி இருக்காதே என்று கண்ணாடிக்காரர் வாதாடப்போய், மூன்று நாள் தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார்.

மனைவியின் தம்பி, மாமா கார் வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பெட்டிகளோடு ரயிலில் வந்து இறங்கினான். ஸ்டேஷனில் கண்ணாடிக்காரர் கையில் குடையோடு நின்றார்.

"கார் எங்க மாமா?"

"வீட்ல இருக்கு மச்சான். வா, பஸ்ல போய்ப் பாக்கலாம்."

வீடு வந்ததும் அவனை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, டீ கொடுத்தார்கள். ஏ.சி. கூடப் போட்டார்கள். அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "வண்டி அலுங்காம குலுங்காம இருக்கு மாமா" என்றான். கிண்டலா பாராட்டா என்று கடைசிவரை பிடிபடவில்லை.

பதினாலாவது மாசம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வண்டியை ஒப்படைக்கும் யார்டு ஊருக்கு வெளியே இடம் மாறிவிட்டது, முப்பத்து நான்கு கிலோமீட்டர். மீட்டரில் மிச்சம் பத்தொன்பது. "உசுரக் கொடுத்துச் சேத்து வச்சதை அபராதமா அழவா?" என்று மனைவி பொங்கினாள். கண்ணாடிக்காரர் பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் லாரியைக் கூப்பிட்டார்.

"என்ன ரிப்பேர்?" என்றார் லாரிக்காரர்.

"ஒண்ணும் இல்ல."

"ஸ்டார்ட் ஆகலையா?"

"ஜம்முனு ஆகும்."

"அப்புறம் எதுக்குய்யா என்னைக் கூப்பிட்ட?"

"ஓடக்கூடாது."

லாரிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவளும் ஆமாம் என்று தலையாட்டவே, இனிப் பேசிப் பயனில்லை என்று காரை மேலே ஏற்றினார். குடும்பம் மொத்தமும் அவர் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டது.

யார்டில் இருந்த பரிசோதகர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "டயர்லாம் அப்படியே இருக்கு. சீட்டு மட்டும் சோபா மாதிரி பள்ளம் விழுந்திருக்கே?" என்று முணுமுணுத்துவிட்டு மீட்டரைக் குனிந்து பார்த்தார். "பத்தொன்பது மிச்சம் இருக்கு சார்."

"அதுக்கு ஏதாவது திருப்பித் தருவீங்களா?"

"அதெல்லாம் கிடையாது."

கண்ணாடிக்காரர் மீட்டரை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பதினாலு மாசம் ஆசையை அடக்கியது இதற்கா? "மணி ஆறு வரைக்கும் வண்டி என் பேர்லதானே இருக்கு?" என்று கேட்டார். பரிசோதகர் தலையாட்டி முடிப்பதற்குள் காரில் ஏறிவிட்டார். யார்டை ஒருமுறை சுற்றினால் அரைக் கிலோமீட்டர். நாலாவது சுற்றில் மனைவி கையைக் காட்டி நிறுத்தி முன்னால் ஏறினாள். மகள் பின்னால் ஏறினாள். வரிசையாக நின்ற முகப்பு உடைந்த கார்களைக் கடந்து, காவலாளியைக் கடந்து, அதே காவலாளியை மறுபடி கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். காவலாளி முதலில் முறைத்தார், அப்புறம் சல்யூட் அடித்தார், அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியே காற்று வந்தது.

முப்பத்தெட்டாவது சுற்றில் மீட்டர் அறுபதாயிரத்தைத் தொட்டது. கண்ணாடிக்காரர் அந்த இடத்திலேயே பிரேக்கை மிதித்து இறங்கி, "இனி நீங்க தள்ளிக்கோங்க" என்று பரிசோதகர் கையில் சாவியை வைத்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி மூவருக்கும் தலை சுற்றியது. நேராகத்தான் நடந்தார்கள், ஆனால் மூவருமே ரோட்டின் வலது ஓரத்துக்குப் போய்ப் போய் முட்டினார்கள்.

"நல்லா இருந்துச்சுங்க," என்றாள் மனைவி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு.