நிருஷா வாசிக்காத கடிதம்

தியாகராசா வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை எல்லாம் வாசிப்பது அவருடைய பன்னிரண்டு வயது மகள் நிருஷா. மின்சாரக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், எதுவானாலும் பிள்ளை வாசித்துச் சொல்லும், தாயும் தகப்பனும் பக்கத்தில் இருந்து கேட்பார்கள். புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பாதி வீடுகளில் இதுதான் நடைமுறை. ஒரேயொரு கடதாசியை மட்டும் அந்த மனிதர் மகளிடம் கொடுக்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் குசினியில் நானும் அவரும் ஒன்பது வருடம் வேலை செய்தோம். நான் மரக்கறி வெட்டுவேன், அவர் சட்டி பானை கழுவுவார். "ஓம் அண்ணை" என்பதற்கு மேல் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிசயம்.

2004 ஆவணியில் அவருக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. மனைவி ஜெகதீஸ்வரிக்கு இரத்தம் போனது நிற்கவே இல்லை. ஆள் தப்பியது பெரும் புண்ணியம். இன்னொரு பிள்ளை தங்கினால் தாயின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியாதது மார்கழியில் நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். பனியில் வழுக்கி விழுந்தேன் என்றார். "இவ்வளவு வருசமாகியும் பனியிலை நடக்கப் பழகேல்லையோ?" என்று எல்லோரும் பகிடி பண்ணினோம். நானும்தான்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் அவரைக் காணவில்லை. தேடிப்போனால் குளிர் அறைக்குள் வெங்காய மூட்டையில் குந்தியிருக்கிறார். கோட்டில்லாமல் உள்ளே போனவர் விறைத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப்பையிலிருந்து எட்டாய் மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"அண்ணை, உங்களுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும்தானே. இதை ஒருத்தருக்கும் சொல்லாமல் வாசியுங்கோ."

மார்கழியில் அவர் விழவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன் செய்திருக்கிறார். ஜெகதீஸ்வரிக்கே செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, "நீ பட்டது போதும், இனி என்ரை முறை" என்றாராம். எங்கள் ஆட்களில் அப்படிச் சொன்ன வேறொருவரை நான் கண்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கிளினிக்கில் நேர்ஸ் ஆங்கிலத்தில் விளக்கியபோது வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். ஓய்வெடுக்க வேண்டும், மூன்று மாதம் கழித்துச் சோதனை. இவ்வளவுதான் மண்டையில் ஏறியது. எழுதிக் கொடுத்த தாள் பிரெஞ்சில். அதைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாமா? மடித்து வைத்துக்கொண்டு மூன்று மாதமும் காரணம் சொல்லாமலே மனைவியின் பக்கம் போகாமல் விரதம் காத்தார். சொன்ன நாளில் விந்தைக் குப்பியில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் இன்னும் உயிரணுக்கள் இருக்கின்றன என்று அன்று காலைதான் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒப்பரேஷன் பிழையாப் போச்சு, அண்ணை. அவளுக்கு என்ன சொல்லுவன்?"

தாளை விரித்து வாசித்தேன். ஓய்வு சில நாளைக்குத்தான். ஒரு வாரம் போய் நோவும் வீக்கமும் வற்றிவிட்டால் உறவை மெல்லத் தொடங்கலாம். ஆனால் ஆணுறையோ வேறு தடுப்போ கட்டாயம் வேண்டும். ஏற்கனவே குழாயில் தங்கியிருப்பது வெளியேற மூன்று மாதமும் ஆகவேண்டும், இருபது தடவையாவது விந்து வெளியேறவும் வேண்டும். சோதனையில் ஒன்றுமில்லை என்று வரும்வரை பிள்ளை தங்கலாம்.

"எத்தினை தரம், தியாகராசா?"

"ஒண்டுமில்லை. குப்பிக்குக் குடுத்தது மட்டும்தான்."

ஒப்பரேஷனில் பிழை இல்லை, குழாய்தான் இன்னும் காலியாகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. "சோதனைக்குப் பொறுக்காமல் ஒருநாள் போயிருந்தால் அவள் செத்திருப்பாள், அண்ணை," என்றார். சிரித்த என் வாயிலேயே அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

அன்றே அந்தத் தாளை வரிக்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தேன். என் ஆயுளில் நான் எழுதிய உருப்படியான எழுத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

அதை ஜெகதீஸ்வரியிடம் கொடுத்ததைப் பற்றி ஒரு வாரம் கழித்துச் சொன்னார், சட்டியைத் தேய்த்தபடி, என் முகத்தைப் பார்க்காமல். அவர் கட்டிலடியில் நின்றிருக்க, மனைவி இரண்டு முறை வாசித்தாராம். பிறகு கேட்டாராம்: "இதுக்கோ கிட்ட வராமல் இருந்தனீங்கள்? அண்டைக்கு அவ்வளவு இரத்தத்தையும் பாத்தபிறகு என்ரை உடம்பு உங்களுக்கு அருவருத்துப்போச்செண்டு நினைச்சன்."

ஒரு தாளை வாசிக்க ஆளில்லாமல் ஒரே வீட்டில் இரண்டு பேர் மூன்று மாதம் இப்படி இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அவள் செத்துவிடுவாளோ என்ற பயம். மற்றவருக்குத் தான் ஏற்கனவே செத்த கணக்கு என்ற துக்கம். எனக்கு இருவர் மேலும் கோபமாய் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஆடியில் இரண்டாம் முறை குப்பி கொடுத்ததாக மட்டும் சொன்னார். இம்முறை முடிவைக் கடிதமாக அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாராம்.

அடுத்த கிழமை ஒரு முற்பகல் குசினியின் பின்கதவு தட்டுப்பட்டது. இடுப்பில் குழந்தையும் கையில் உறையுமாக ஒரு பெண் நின்றாள். பிள்ளை பிறந்தபிறகு தனியே மெட்ரோ ஏறியிராத ஜெகதீஸ்வரி. நான் அவரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. உறை பிரிக்கப்படவில்லை.

"நிருஷா கோடை முகாமிலையிருந்து வரமுதல் எடுத்துக்கொண்டு ஓடியந்தனான். நீங்கள்தான் வாசிக்கவேணும், அண்ணை."

தியாகராசா ஈர ஏப்ரனோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. மூன்று வரிக் கடிதம்தான். பிழைவிடக் கூடாதென்று இரண்டு தரம் வாசித்தேன்.

"ஒண்டுமில்லையாம்," என்றேன். "ஒரு அணுவும் இல்லையாம். இனிப் பயமில்லை."

ஜெகதீஸ்வரி கடிதத்தை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கணவரின் கன்னத்தில் ஒட்டியிருந்த சவர்க்கார நுரையைத் துடைத்துவிட்டார், என் முன்னாலேயே. பிறகு குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினார். கீழே நின்று திரும்பிப் பார்த்தார்.

"இண்டைக்கு வெள்ளன வீட்டுக்கு வாங்கோ," என்றார்.